டயக்னாஸ்டிக் ஹிஸ்டிரோஸ்கோப்பி: கர்ப்பப்பைக்குள் பார்க்கும் பரிசோதனை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஹிஸ்டிரோஸ்கோப்பி பண்ணிப் பார்த்துடலாம்" என்று மருத்துவர் சொன்னதும் பலருக்குப் பாதி பேச்சு காதில் விழுவதில்லை. வெளியே வந்து செவிலியரிடம்தான் மெதுவாகக் கேட்பார்கள். அந்த அறையில் செவிலியராக நின்று, ஒரு கையால் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு கண்ணால் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. கட்டியை வெட்டி எடுக்கும் ஹிஸ்டிரோஸ்கோப்பி தனி. இங்கே சொல்வதெல்லாம் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்காகச் செய்யும் பரிசோதனையைப் பற்றி.

இது ஆபரேஷனா, டெஸ்டா?

டெஸ்ட்தான். வயிற்றில் வெட்டு கிடையாது, தையல் கிடையாது. பெரும்பாலும் 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாய், அதாவது எழுதும் பென்சிலை விட ஒல்லியான ஒன்று, பிறப்புறுப்பு வழியாகக் கர்ப்பப்பை வாயைக் கடந்து உள்ளே போகும். அதில் லென்ஸும் வெளிச்சமும் இருக்கும். கேமரா படத்தைத் திரைக்கு அனுப்பும். பார்க்கும் வேலை மட்டும் என்றால் பொதுவாக 5 முதல் 10 நிமிடத்தில் முடிந்துவிடும். உடை மாற்றுவது, படுக்க வைப்பது, முடிந்தபின் கொஞ்சம் ஓய்வு எல்லாம் சேர்த்துத்தான் கூடுதல் நேரம் ஆகிறது.

உள்ளே என்னதான் தெரியும்?

கர்ப்பப்பை என்றதும் ஊதிய பலூன் மாதிரி உள்ளே இடம் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. மடித்து வைத்த தலையணை உறை போல முன்சுவரும் பின்சுவரும் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் கிடக்கும். அதனால் குழாயை உள்ளே விட்டால் மட்டும் எதுவும் தெரியாது, சுவர்களைப் பிரிக்க வேண்டும். அதற்காக அந்தக் குழாய் வழியாகவே நார்மல் சலைன் என்கிற உப்புநீர் மெதுவாக உள்ளே போகும். முன்பு கார்பன் டை ஆக்சைடு வாயுவை அதிகம் பயன்படுத்தினார்கள். இப்போது சலைன்தான் பரவலாக இருக்கிறது. உள்ளே ரத்தம் இருந்தாலும் அது கழுவிக்கொண்டு போய்விடும்.

திரையில் முதலில் கர்ப்பப்பை வாயின் பாதை வரும். குறுகலாக, பக்கங்களில் மெல்லிய மடிப்புகளோடு இருக்கும். அதன் முடிவில் ஒரு சிறு துளை. தண்ணீர் அதை விரித்துக் கொடுத்ததும் சட்டென்று இடம் அகலும். தலைகீழாக வைத்த முக்கோணம் மாதிரி ஒரு அறை, வெளிர் ரோஜா நிறச் சுவர்கள். மேல் மூலைகள் இரண்டிலும் கருக்குழாய்கள் திறக்கும் சின்னத் துளைகள் தெரியும். தண்ணீரோடு வந்த காற்றுக்குமிழி ஒன்று மிதந்து போய் அந்தத் துளைக்குள் இழுபட்டு மறைவதையும் சில சமயம் பார்க்கலாம். ஒருமுறை ஒரு பெண் என் கையை விட்டுவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு, "இதுதானா சிஸ்டர், இத்தனை வருஷமா என்னைப் படுத்தின இடம்?" என்று கேட்டார். திரையைப் பார்ப்பதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். பார்க்க வேண்டும் என்றால் சொல்லுங்கள், திருப்பி வைப்பார்கள்.

எனக்கு ஏன் இதை எழுதிக் கொடுத்தார்கள்?

அதிக உதிரப்போக்கு, மாதவிடாய்க்கு நடுவே படும் ரத்தம், திரும்பத் திரும்பக் கருக்கலைவது, குழந்தை தங்காமல் இருப்பது, ஸ்கேனில் பாலிப் (உள்படலத்தில் வளரும் சிறு சதைத் தொங்கல்) அல்லது உள்சுவரில் துருத்தும் ஃபைப்ராய்டு (தசைக்கட்டி) இருக்குமோ என்ற சந்தேகம், காப்பர்-டி நூல் தென்படாமல் போவது, பிரசவத்துக்கோ கருக்கலைப்புக்கோ பிறகு உள்ளே ஏதாவது தங்கியிருக்கலாம் என்ற ஐயம். பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்.

இன்னொரு காரணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். மாதவிடாய் முழுதாக நின்று ஒரு வருடம் ஆனபிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அதைச் "சூடு", "அலைச்சல்" என்று தள்ளிவிடாதீர்கள். பல பெண்களுக்கு அதன் காரணம் உள்படலம் மெலிந்து போவதாகவோ சாதாரணப் பாலிப்பாகவோதான் இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் முதலில் காட்டும் அடையாளமும் அதுவேதான். பிறப்புறுப்பு வழி ஸ்கேனில் உள்படலம் 4 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கீழ் இருந்தால் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகக் குறைவு. அந்த அளவு சரியாக இருந்தும் ரத்தம் மறுபடி மறுபடி பட்டால், ஸ்கேனோடு நிறுத்தக் கூடாது.

"எதற்காக இந்த டெஸ்ட்?" என்று மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். "உள்ளே பாலிப் இருக்கிறதா என்று பார்க்க" என்பது போல ஒரே வாக்கியத்தில் பதில் வர வேண்டும். பதில் தெளிவாக இல்லையென்றால், தெளிவாகும் வரை கேட்கலாம், தப்பே இல்லை.

ஸ்கேன் எடுத்தாச்சே, அது போதாதா?

ஸ்கேன் வெளியே நின்று ஒலி அலையால் வரைந்த படம். ஹிஸ்டிரோஸ்கோப்பி உள்ளே போய்க் கண்ணால் பார்ப்பது. உள்படலம் தடித்திருப்பதை ஸ்கேன் சொல்லும். அந்தத் தடிப்பு படலமே பருத்ததா, அதற்குள் ஒரு பாலிப் காம்பு வைத்துத் தொங்குகிறதா என்பதில் அது தடுமாறலாம். சிறு பாலிப், சுவர்களுக்கு நடுவே விழும் மெல்லிய ஒட்டுதல்கள் எல்லாம் நேரில் பார்த்தால்தான் பிடிபடும்.

ஆனால் ஹிஸ்டிரோஸ்கோப்பிக்கும் எல்லை உண்டு, இதைப் பலர் சொல்வதில்லை. அது அறைக்குள் நின்று அறையைப் பார்க்கிறது, வீட்டின் வெளிச்சுவர் அதற்குத் தெரியாது. கர்ப்பப்பையின் தசைக்குள் புதைந்திருக்கும் ஃபைப்ராய்டு, சினைப்பைக் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் (உள்படலம் போன்ற திசு கர்ப்பப்பைக்கு வெளியே வளர்வது) எதுவும் அதில் தெரியாது. கருக்குழாயின் வாசல் தெரியுமே தவிர, உள்ளே அடைப்பு இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. குமிழி போய் மறைந்தால் அது ஒரு குறிப்பு மட்டும்தான். அடைப்பைப் பார்க்க, உள்ளே சாயம் செலுத்தி எடுக்கும் எச்.எஸ்.ஜி. எக்ஸ்ரே போன்ற வேறு பரிசோதனை வேண்டும்.

பிறவியிலேயே கர்ப்பப்பையின் நடுவே தடுப்பு இருப்பவர்கள் இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். உள்ளிருந்து பார்த்தால் நடுவில் தடுப்புச்சுவர் விழுந்த கர்ப்பப்பையும், மேலே இரண்டாகப் பிளவுபட்ட இதய வடிவக் கர்ப்பப்பையும் ஏறக்குறைய ஒரே மாதிரி தெரியும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு. முதல் வகையில் தேவைப்பட்டால் தடுப்பை வெட்டலாம். இரண்டாவதில் அப்படி வெட்டப் போனால் கர்ப்பப்பையே ஓட்டையாகிவிடும். அதனால் வெளி வடிவத்தைக் காட்டும் முப்பரிமாண ஸ்கேனோ எம்.ஆர்.ஐ.யோ சேர்ந்தால்தான் முடிவு சொல்ல முடியும்.

டி அண்ட் சி செய்து சுரண்டி அனுப்பினால் தெரிந்துவிடாதா?

டி அண்ட் சி, அதாவது கர்ப்பப்பை வாயை விரித்து உள்படலத்தைக் கருவியால் சுரண்டி எடுப்பது, இருட்டறையில் கைவிட்டுத் துழாவுவது போன்றது. கருவி பட்ட இடத்திலிருந்து திசு வரும், படாத இடம் அப்படியே இருக்கும். மூலையில் தொங்கும் பாலிப் கருவிக்கு நழுவிக் கொடுத்துவிடும். அதனால்தான் டி அண்ட் சி செய்த பிறகும் சிலருக்கு ரத்தப்போக்கு மாறாமல் தொடர்கிறது. முதலில் பார்த்து, சந்தேகமான இடத்திலிருந்து திசு எடுப்பதுதான் நல்ல வழி.

மாதவிடாய்க்கு எத்தனை நாள் கழித்து வர வேண்டும்?

ரத்தம் பட்ட முதல் நாளை ஒன்று என்று வைத்து எண்ணினால், ஏறக்குறைய 6 முதல் 12-ஆம் நாளுக்குள். அதாவது ரத்தம் நின்ற உடனே வரும் நாட்கள். அப்போது உள்படலம் மெல்லியதாக இருக்கும், சுவர் தெளிவாகத் தெரியும். நாள் தள்ளிப் போகப் போகப் படலம் தடித்து மடிப்பு விழும், அந்த மடிப்பே பாலிப் போலக் கண்ணை ஏமாற்றும். மாதத்தின் பின்பாதியில் கரு உருவாகியிருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. மாதவிடாய் நின்றவர்கள் எந்த நாளிலும் வரலாம்.

குறித்த நாளில் ரத்தம் பட ஆரம்பித்துவிட்டால் நீங்களாக ரத்து செய்ய வேண்டாம், போன் செய்து கேளுங்கள். லேசாகப் படுவதைச் சலைன் கழுவிவிடும். அதிகமாக இருந்தால் மட்டும் தள்ளி வைப்பார்கள்.

வலிக்குமா? உண்மையைச் சொல்லுங்கள்.

சிலருக்கு மாதவிடாய் வலி போல அடிவயிறு பிடித்து இழுக்கும், அவ்வளவுதான். சிலருக்கு அதுகூடத் தெரியாது. ஆனால் சிலருக்குக் கடுமையாகவே வலிக்கும். மூன்றுமே நடப்பதுதான். "ஒண்ணும் தெரியாது, சும்மா வாங்க" என்று ஒரு பெண்ணை அழைத்து வந்து படுக்க வைப்பது அவருக்குச் செய்யும் அநியாயம் என்பது என் உறுதியான எண்ணம். தெரிந்து வருபவர் தயாராக வருவார். தெரியாமல் வருபவர் வலி வந்ததும் தன் உடம்பில்தான் ஏதோ கோளாறு என்று பயந்துபோவார்.

வலி இரண்டு கட்டத்தில் வரும். குழாய் கர்ப்பப்பை வாயின் உள்துளையைக் கடக்கும்போது சுருக்கென்று ஒன்று. அப்புறம் தண்ணீர் நிறைந்து கர்ப்பப்பை விரியும்போது பிடித்து இழுப்பது போல ஒன்று. குழாயை வெளியே எடுத்ததும் இது பெரும்பாலும் சட்டென்று தணியும். சுகப்பிரசவம் ஆகாதவர்கள், மாதவிடாய் நின்று கர்ப்பப்பை வாய் இறுகியவர்கள், வழக்கமாகவே மாதவிடாயில் துடித்துப் போகிறவர்கள், இவர்களுக்கு வலி கூடுதலாக இருக்க வாய்ப்பு அதிகம். முன்பு பாலியல் வன்முறையையோ கசப்பான மருத்துவ அனுபவத்தையோ சந்தித்தவர்களுக்கு இந்தப் பரிசோதனை மனதளவிலும் கனமாக இருக்கும். அதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்ல முடிந்தால் நல்லது. விவரம் சொல்லத் தேவையில்லை, "எனக்கு இது கஷ்டமாக இருக்கும்" என்றால் போதும்.

வலியைக் குறைக்க வழிகள் இருக்கின்றன. மெல்லிய குழாய், குறைந்த அழுத்தத்தில் தண்ணீர், ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பு இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை (வயிற்றுப்புண், சிறுநீரகப் பிரச்சினை, ஆஸ்துமா இருப்பவர்கள் கேட்காமல் போடக் கூடாது), தேவைப்பட்டால் கர்ப்பப்பை வாயில் மரத்துப்போகும் ஊசி. எல்லாவற்றையும் விட முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. பழைய முறையில் ஸ்பெகுலம் என்கிற கருவியை வைத்துப் பிறப்புறுப்பை விரித்து, கர்ப்பப்பை வாயைக் கருவியால் கவ்விப் பிடித்துத்தான் குழாயை விடுவார்கள். இப்போது அந்த இரண்டும் இல்லாமல், தண்ணீர் விரித்துக் கொடுக்கும் வழியிலேயே குழாயை நேராகக் கொண்டுபோகும் முறை இருக்கிறது. வெஜைனோஸ்கோப்பி என்பார்கள். 1990-களில் இத்தாலியில் ஸ்டெஃபானோ பெட்டோக்கி இதைப் பரவலாக்கினார். பிரிட்டனின் மகப்பேறு, மகளிர் மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரியின் வழிகாட்டுதலும் இந்த முறைக்குத்தான் முன்னுரிமை தருகிறது. "ஸ்பெகுலம் இல்லாமல் செய்ய முடியுமா?" என்று நீங்களே கேட்கலாம்.

நடுவில் தாங்க முடியவில்லை என்றால் "நிறுத்துங்க" என்று சொல்லுங்கள். நிறுத்த வேண்டும். ஆரம்பிக்கும் முன்பே மருத்துவரிடம் "கையைத் தூக்கினால் நிறுத்திவிடுங்கள்" என்று பேசி வைத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலானவர்கள் கையைத் தூக்கவே இல்லை. தூக்கலாம் என்ற தைரியமே அவர்களுக்குப் பாதி வலியைக் குறைத்தது போல இருந்தது.

மயக்க மருந்து கொடுத்துச் செய்யச் சொல்லலாமா?

சொல்லலாம். முழு மயக்கத்தில் வலி தெரியாது. ஆனால் மயக்கத்துக்கே உரிய ஆபத்துகள் கொஞ்சம் உண்டு, ரத்தப் பரிசோதனை போன்ற முன்னேற்பாடு வேண்டும், அன்று வண்டி ஓட்டக் கூடாது, கூட ஒருவர் வர வேண்டும். விழித்திருந்து செய்தால் எழுந்து நடந்து போய்விடலாம். உடல்நிலை, பயம், எதற்காகப் பார்க்கிறார்கள் என்பதை எல்லாம் வைத்து முடிவு செய்யுங்கள். விழித்திருந்து முயன்று பார்த்து முடியாமல் போனால் இன்னொரு நாள் மயக்கத்தில் செய்துகொள்ளலாம், அது தோல்வி இல்லை.

சாப்பிட்டுவிட்டு வரலாமா?

மயக்க மருந்து இல்லையென்றால் கண்டிப்பாகச் சாப்பிட்டு வாருங்கள். வெறும் வயிற்றில் வந்தால் தலைசுற்றல் எளிதில் வரும். முழு மயக்கம் என்றால் பொதுவாக 6 மணி நேரம் திட உணவு கூடாது, தண்ணீரை எப்போது நிறுத்துவது என்று மருத்துவமனை சொல்லும்.

உடலுறவு அனுபவம் இல்லாதவருக்கும் செய்யலாமா?

அவசியம் இருந்தால் செய்யலாம். மேலே சொன்ன ஸ்பெகுலம் இல்லாத முறையில், குழாய் மெல்லியதாக இருந்தால் கன்னித்திரைக்குச் சேதமில்லாமல் பெரும்பாலும் முடித்துவிடலாம். பிறப்புறுப்பு வழி ஸ்கேன் வேண்டாம் என்று தயங்குபவர்களுக்கு வயிற்றின் மேல் ஸ்கேனிலேயே எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்று முதலில் பார்த்துவிட்டு இதற்கு வரலாம்.

யாருக்குச் செய்யக் கூடாது?

தொடர வேண்டிய கர்ப்பம் இருப்பவர்களுக்கும், கர்ப்பப்பையிலோ கருக்குழாயிலோ தொற்று இருப்பவர்களுக்கும், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று ஏற்கெனவே தெரிந்தவர்களுக்கும் கூடாது. அதனால் கடைசி மாதவிடாயிலிருந்து பரிசோதனை நாள் வரை பாதுகாப்பில்லாத உறவைத் தவிர்த்துவிடுங்கள். அன்று சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்தால் சங்கடப்பட வேண்டாம், வயது வித்தியாசம் பார்க்காமல் கேட்பார்கள். நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இருந்தாலும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலும், மருந்து ஒவ்வாமை இருந்தாலும் முன்பே சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

ஆபத்து எவ்வளவு?

குறைவு. நாடித்துடிப்பு சட்டென்று குறைந்து வியர்த்துத் தலைசுற்றுவதுதான் நான் அதிகம் பார்த்தது. கர்ப்பப்பை வாயைத் தொடும்போது நரம்பு வழியாக வரும் எதிர்வினை அது. தலையைத் தாழ்த்திக் காலை உயர்த்திப் படுக்க வைத்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் சரியாகிவிடும். அதனால் முடிந்தவுடன் துள்ளி எழாதீர்கள். கர்ப்பப்பையில் ஓட்டை விழுவது பார்ப்பதற்கான பரிசோதனையில் ஏறக்குறைய 1,000-ல் ஒருவருக்கு நடக்கக்கூடியது. மெல்லிய குழாய் என்பதால் பெரும்பாலும் கண்காணிப்பிலேயே ஆறிவிடும். தொற்றும் அபூர்வம்தான், அதனால் எல்லாருக்கும் ஆன்டிபயாட்டிக் கொடுக்கத் தேவையில்லை.

எப்போது வேலைக்குப் போகலாம்? எதற்குப் பயப்பட வேண்டும்?

மயக்கம் இல்லாமல் செய்தால் அன்றோ மறுநாளோ. இரண்டு மூன்று நாள், சிலருக்கு ஒரு வாரம் வரை, லேசாக ரத்தம் கலந்த நீர் படும். பேட் வையுங்கள், டாம்பூன் வேண்டாம். ரத்தம் நிற்கும் வரை உடலுறவையும் தள்ளிப் போடுங்கள். குளிக்கலாம்.

38 டிகிரி செல்சியஸைத் தாண்டும் காய்ச்சல், நாற்றமடிக்கும் கசிவு, மணிக்கு ஒரு பேட் நனையும் அளவு ரத்தம், நேரம் ஆக ஆகக் குறையாமல் ஏறிக்கொண்டே போகும் வயிற்று வலி. இதில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் உடனே போங்கள்.

ஐ.வி.எஃப். என்கிற சோதனைக்குழாய்க் கருத்தரிப்புக்கு முன்னால் எல்லாரும் இதைச் செய்துகொள்ள வேண்டுமா?

ஸ்கேனில் பாலிப், ஒட்டுதல், தடுப்பு என்று சந்தேகம் இருந்தால் பார்ப்பது நியாயம். எதுவுமே இல்லாமல், கர்ப்பப்பை இயல்பாக இருக்கிறது என்று ஸ்கேன் சொன்ன பிறகும் "எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம்" என்றால் கேள்வி கேளுங்கள். 2016-இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு பெரிய ஆய்வுகள் வெளிவந்தன. ஒன்று முதல் ஐ.வி.எஃப்.புக்குப் போகிறவர்களை வைத்து, இன்னொன்று சில முறை தோற்றவர்களை வைத்து. இரண்டிலுமே ஸ்கேன் இயல்பாக இருந்தவர்களுக்கு இந்தப் பரிசோதனையைச் சேர்த்துச் செய்ததால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு கூடவில்லை. ஏற்கெனவே உடம்பாலும் மனதாலும் களைத்துப்போன பெண்ணுக்கு, பலன் தராத இன்னொரு பரிசோதனை வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன்.

புற்றுநோய் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடுமா?

சந்தேகம் வரும், உறுதி வராது. தாறுமாறான ரத்தக்குழாய்கள், உதிரும் படலம் இவற்றைப் பார்த்து மருத்துவர் முகம் மாறலாம். ஆனால் திசுவை எடுத்துப் பயாப்ஸிக்கு அனுப்பி அதன் முடிவு வந்தால்தான் எதையும் சொல்ல முடியும். பார்வைக்கு எல்லாம் நன்றாக இருந்தாலும் சில நேரம் திசு எடுப்பார்கள், அதனால் பதற வேண்டாம். இந்தப் பரிசோதனையின் தொடக்கமே இப்படி ஒரு கேள்வியில்தான் இருக்கிறது. 1869-இல் பான்டலியோனி என்ற மருத்துவர், மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்ட 60 வயதுப் பெண்ணின் கர்ப்பப்பைக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். அங்கே இருந்தது ஒரு பாலிப். உயிரோடு இருக்கும் ஒருவரின் கர்ப்பப்பைக்குள் பார்த்து, காரணத்தைக் கண்டுபிடித்ததாக முதலில் பதிவானது அதுதான்.

பாலிப் இருந்தால் அப்போதே எடுத்துவிடலாமா?

சின்னதாக இருந்து, அதற்கான கருவியும் கையில் இருந்தால் சில இடங்களில் அப்போதே எடுத்துவிடுவார்கள். ஆனால் உங்கள் சம்மதம் முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் படிவத்தில் "பார்ப்பது மட்டும்" என்று இருக்கிறதா, "தேவைப்பட்டால் நீக்குவது" என்றும் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். எது வேண்டும் என்று படுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருக்கும்? படங்கள் தருவார்களா?

கண்ணால் பார்த்ததை அன்றே சொல்லிவிடுவார்கள், பயாப்ஸி எடுத்திருந்தால் அதற்குச் சில நாட்களிலிருந்து ஓரிரு வாரம் ஆகும். ரிப்போர்ட்டில் கர்ப்பப்பை வாய்ப் பாதை, அறையின் வடிவம், உள்படலம், இரண்டு கருக்குழாய் வாசல்கள் ஆகிய நான்கையும் பற்றி எழுதியிருக்க வேண்டும். இரண்டு வாசல்களும் தெரிந்தன என்றால்தான் அறை முழுவதையும் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். ஒன்று தெரியவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். படங்களையும் கேட்டு வாங்கி, மாதவிடாய்த் தேதியோடு சேர்த்து பத்திரப்படுத்துங்கள். ஆறு மாதம் கழித்து வேறொரு மருத்துவரைப் பார்க்க நேர்ந்தால், அவர் இன்னொருமுறை குழாயை எடுப்பதற்கு முன் அந்தப் படங்களைப் பார்க்கட்டும்.